பழைய டிஷ்வாஷர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தொட்டியைப் பாருங்கள்

ஐம்பது வயதான டிஷ்வாஷரை வீட்டில் வைத்துத் தினமும் ஓட்ட முடியுமா? முடியும். என் சமையலறையில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் வாங்கியதை நான் காப்பாற்ற முடியாமல் இழந்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். பழைய இயந்திரத்தின் மேல் ஆசை வந்துவிட்டால் நிறம், குரோமியப் பட்டை, கடகடவென்று திரும்பும் டயல் ஆகியவைதான் முதலில் கண்ணில் படும். நானும் முதல் முறை அவற்றைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நான்கு வழிகள் இருக்கின்றன. மேடைக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்தும் பழைய இயந்திரத்தை, கிடைத்த நிலையிலேயே வாங்குவது ஒன்று. உருளைச் சக்கரம் வைத்த, தேவைப்படும்போது குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போகும் பழைய இயந்திரம் இரண்டாவது. வேறொருவர் பிரித்துச் சீர் செய்து விற்பதை வாங்குவது மூன்றாவது. புதிய டிஷ்வாஷருக்குப் பழைய பாணியில் கதவுப் பலகை மாட்டிக்கொள்வது நான்காவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வழி, அதிலும் குறிப்பாக, பின்னாளில் சக்கரத்தையும் மேற்பலகையையும் கழற்றிவிட்டு மேடைக்கு அடியில் நுழைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட 'கன்வெர்டிபிள்' வகை. எந்த வழியில் போனாலும் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளே இருக்கும் தொட்டி. மோட்டாரை மாற்றலாம், நீர் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை மாற்றலாம், டைமரைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். தொட்டி ஓட்டையானால் இயந்திரமே போயிற்று.

எந்தக் காலத்து இயந்திரம்?

நீரின் வேகத்தாலேயே பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜோசஃபின் காக்ரேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்தவர். 1886 டிசம்பர் 28-ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் இயந்திரங்கள் ஓடின. தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கேற்ற கம்பி அறைகளை அமைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். பாத்திரம் அசையாமல் சரியான கோணத்தில் நின்றால்தான் நீர் தன் வேலையைச் செய்யும். அதனால் பழைய இயந்திரத்தில் தொட்டிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது கம்பி ரேக்குகளை. அவர் தொடங்கிய நிறுவனம் 1926-இல் ஹோபார்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 1949-இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான டிஷ்வாஷர் வந்தது. ஐரோப்பாவில் மீலே நிறுவனம் 1929-லேயே மின்சார டிஷ்வாஷரைக் கொண்டுவந்திருந்தது.

வாங்குபவரின் கண்ணோட்டத்தில் இந்த நீண்ட வரலாற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் காலத்து இயந்திரங்களில் தொட்டியின் அடியில் சிறு விசிறி போன்ற இம்பெல்லர் சுழன்று, தேங்கிய நீரைப் பாத்திரங்களின் மேல் வாரி இறைக்கும். 1950கள் வரை இது பரவலாக இருந்தது. பார்க்க மிக அழகான இயந்திரங்கள் பலவும் இந்தக் காலத்தவை. ஆனால் நீர் எங்கே அடிக்கிறதோ அங்கே மட்டும்தான் சுத்தமாகும். மூலையில் இருக்கும் கிண்ணம் அப்படியே வரும். சேகரித்து வைக்கவும் எப்போதாவது ஓட்டிப் பார்க்கவும் வாங்குங்கள். தினசரிப் பாத்திரத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, பம்ப் நீரை உறிஞ்சி, துளையிட்ட சுழல் கைகளின் வழியே கீழிருந்தும் மேலிருந்தும் பீய்ச்சும் காலம். இன்றைய டிஷ்வாஷர்களும் இதே முறையில்தான் கழுவுகின்றன. இந்த வகையில் 1960களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரை வந்தவை நல்ல தேர்வு. கட்டுப்பாடு முழுவதும் ஒரு சிறு மோட்டார் சுழற்றும் இயந்திர டைமரில் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம்: ஒரு உருளையில் மேடும் பள்ளமும், அவை தள்ளித் திறக்கும் தொடுமுனைகள், அவ்வளவுதான்.

மூன்றாவது, மின்னணுப் பலகை வந்த பிறகு செய்தவை. முப்பது வயதான மின்னணுப் பலகை செத்துவிட்டால் அதற்கு மாற்று கிடைப்பது அரிது. இவற்றில் பழமையின் எளிமையும் இல்லை, புதுமையின் சிக்கனமும் இல்லை. தவிர்த்துவிடுங்கள்.

தொட்டி

பழைய தொட்டிகள் நான்கு வகை. எஃகுத் தகட்டின் மேல் கண்ணாடி போல உருக்கிப் படியவைத்த எனாமல்; எஃகின் மேல் தடித்த வினைல் பூச்சு; துருப்பிடிக்காத எஃகு; 1980களில் பரவிய பிளாஸ்டிக்.

வினைல் பூச்சை நம்பாதீர்கள். வெந்நீர் பட்டுப் பட்டு அது எங்கோ ஓரிடத்தில் கொப்புளம் போல எழும்பும். எழும்பிய இடத்துக்கு அடியில் நீர் தேங்கி, வெளியில் தெரியாமலே எஃகு அரித்துக்கொண்டிருக்கும். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும்; அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். எனாமல் அப்படியல்ல. கெட்டால் கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு கரண்டி விழுந்து சில்லு தெறித்த இடத்தில் பழுப்பாகத் துருப்புள்ளி இருக்கும். புள்ளி சிறியதாக, ஆணியால் குத்தினால் உள்ளே போகாததாக இருந்தால், துருவைச் சுரண்டி, உலர்த்தி, வெந்நீரைத் தாங்கும் எபாக்ஸி பூசி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி துருப்பிடிக்காது. ஆனால் வெடிப்பு விட்டால் ஒட்டுவது கடினம்.

பார்க்கும்போது டார்ச் கொண்டுபோங்கள். கீழ் ரேக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல நோக்கத்தோடு விற்பவர்கூட அதை எடுத்துக் காட்ட மறந்துவிடுவார். துரு பெரும்பாலும் துளைகளையும் விளிம்புகளையும் சுற்றித்தான் தொடங்கும்: ஹீட்டர் கம்பி உள்ளே நுழையும் இரண்டு துளைகள், பம்ப் அமரும் குழியின் விளிம்பு, கதவுக் கீல் அருகே உள்ள கீழ் மூலைகள். பிறகு முன்பக்கத்துக் கீழ்த்தகட்டைக் கழற்றி, அதே இடங்களை அடியிலிருந்து பாருங்கள். மோட்டாரின் மேல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ நீர் வழிந்து காய்ந்த தடம் இருந்தால் பம்ப் சீல் கசிந்திருக்கிறது. அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. கார்பன் வளையமும் பீங்கான் வளையமும் ஒன்றையொன்று உரசி நிற்கும் அந்தச் சீல், பம்புகளுக்கான பொதுவான உதிரிப் பாகம். தண்டின் விட்டத்தையும் குழியின் அளவையும் துல்லியமாக எடுத்துக்கொண்டு போனால் பொருந்துவது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ரேக்குகளில் கம்பி நுனிகளைப் பாருங்கள். மேல்பூச்சு உரிந்து நுனிகள் துருப்பிடித்திருந்தால் தொப்பி போல மாட்டும் சிறு ரப்பர் முனைகளும் பூச்சும் உண்டு. நிறைய உரிந்திருந்தால் மணலடித்துச் சுத்தம் செய்து நைலான் பூச்சு கொடுக்கலாம். கம்பிகள் உடைந்து போயிருந்தாலோ, ரேக்கே இல்லாமல் விற்றாலோ வாங்காதீர்கள். பொருத்தமான ரேக் தேடி அலைவது மோட்டார் தேடுவதைவிடக் கடினம்.

'பெட்டியைப் பிரிக்கவே இல்லை, நாற்பது வருடமாக அப்படியே இருக்கிறது' என்று ஒன்று வந்தால் மனம் துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் ரப்பர் சும்மா இருந்தாலும் கெடும். நீர் படாத சீல் காய்ந்து இறுகும், குழாய்கள் வெடிக்கும், கதவு ரப்பர் கல்லாகும். நேற்று வரை ஒரு வீட்டில் தினமும் ஓடிய இயந்திரம், தொடாமல் கிடந்த இயந்திரத்தைவிடப் பாதுகாப்பானது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் காய்ந்த சீல் தண்டைப் பிடித்திருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கையால் மெல்லச் சுற்றி விடுவிக்கலாம்.

மின்சாரம் ஒத்துப்போகிறதா?

வாங்கும் முன் பெயர்த்தகட்டில் இரண்டு எண்களைப் படியுங்கள்: வோல்ட், ஹெர்ட்ஸ் (மாறுமின்சாரம் விநாடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்பது). வோல்ட்டை எல்லாரும் பார்க்கிறார்கள். ஹெர்ட்ஸைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள்.

120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்தை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வீட்டில் வைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று சொல்வார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. அதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டைமர் மோட்டார் ஹெர்ட்ஸைப் பின்பற்றி ஓடுவது. ஆகவே 60 நிமிடச் சுற்று 72 நிமிடமாகும். அது பரவாயில்லை. ஆனால் பழைய இயந்திரங்கள் பலவற்றில் நீர் நிரப்புவதும் டைமர் கணக்கில்தான்: வால்வு இத்தனை விநாடி திறந்திருக்கும், அவ்வளவு நீர் வரும். அந்த விநாடிகளும் கூடுவதால் ஐந்தில் ஒரு பங்கு நீர் கூடுதலாக நிரம்பும். நீர் கூடினால் கதவின் கீழ் வழியாக வெளியேறலாம். பம்ப் மோட்டாரோ ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். பம்பின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பீய்ச்சும் அழுத்தம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். சுழல் கைகள் சோம்பிச் சுற்றும். 120 வோல்ட்டையே 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும். அதைத் தவிர்க்க 100 வோல்ட்டாகக் குறைத்தால் ஹீட்டரின் சூடு 70 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது.

எனவே உங்கள் வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்தையே வாங்குங்கள். கடல் கடந்து வந்த அழகு எவ்வளவு இழுத்தாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அளவிலும் இதே போன்ற ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க முறையில் மேடைக்கு அடியில் விடும் திறப்பு 24 அங்குலம், அதாவது ஏறக்குறைய 61 சென்டிமீட்டர். ஐரோப்பிய முறையில் 60 சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரில் ஒருவரின் திட்டமே நின்றுபோகும். இயந்திரத்தின் அகலத்தை விற்பவர் சொல்லிக் கேட்காமல் நீங்களே அளந்து பாருங்கள்.

மேடைக்கு அடியிலா, சக்கரத்திலா?

என் முதல் இயந்திரம் நிரந்தரமாகப் பொருத்தும் வகை. வாங்கி வந்த அதே வாரத்தில் அலமாரியை வெட்டி இடம் செய்தேன், உள்ளே தள்ளினேன், திருகிவிட்டேன். பத்து நாள் நன்றாக ஓடியது. ஹீட்டர் துளைக்கு அருகே ஊசி முனை அளவுக்கு ஒரு துரு ஓட்டை. அதிலிருந்து சொட்டிய நீர் அடியில் எங்கோ போய்க்கொண்டிருந்தது; இயந்திரம் அலமாரிகளுக்கு நடுவே அடைபட்டு நின்றதால் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து அலமாரியின் அடிப்பலகை உப்பி, கதவு மூட மறுத்தபோதுதான் தெரிந்தது. தொட்டி காப்பாற்றும் நிலையைத் தாண்டிவிட்டது. இயந்திரமும் போயிற்று, அலமாரியில் வெட்டிய ஓட்டையும் நின்றது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சக்கரம் வைத்த இயந்திரத்தில் இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. நடு அறையில் வைத்து ஓட்டலாம், அடியில் ஒரு காகிதத்தை விரித்து ஈரம் படுகிறதா என்று பார்க்கலாம், கசிந்தால் துடைத்துவிட்டுப் பிரிக்கலாம். சமையலறையில் எதையும் வெட்டவில்லை, பிடிக்காவிட்டால் கொடுத்துவிடலாம். குழாய் முனையில் ஒரு இணைப்பியை மாட்டினால், அதன் வழியே நீர் உள்ளே போகும். கழிவுநீர் பக்கத்துக் குழாய் வழியாக சிங்க்கில் விழும். பிளம்பரே தேவையில்லை. குறைகளும் சொல்ல வேண்டும். ஓடும் நேரம் முழுவதும் குழாயடி அடைபட்டிருக்கும். இயந்திரம் கனமானது, தரை சமமாக இல்லாவிட்டால் தள்ளுவது சிரமம். ஓட்டாத நேரத்தில் நிறுத்த ஓர் இடம் வேண்டும். குழாயை அழுத்தத்தோடு திறந்து வைத்தபடி வெளியே போகக் கூடாது.

சக்கர வகையிலும் இரண்டு உண்டு. மேல் மூடியைத் திறந்து பாத்திரத்தை இறக்கும் வகை சிறியது, இலகுவானது. ஆனால் கீழ் ரேக்குக்குக் குனிந்து கைவிட வேண்டும், மேடைக்கு அடியில் ஒருபோதும் போகாது. முன்கதவுள்ள கன்வெர்டிபிள் வகைதான் இரண்டு உலகத்துக்கும் பாலம். ஒரு மாதமாவது சக்கரத்தில் ஓட்டி நம்பிக்கை வந்த பிறகு உள்ளே தள்ளலாம். என்னுடையது ஓராண்டுக்கு மேல் சக்கரத்தில் இருந்தது.

எந்த வகையானாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: கழிவுநீரைப் பம்ப் வெளியேற்றுகிறதா, தானாக வடிகிறதா? பழைய மாடல்கள் சிலவற்றில் அடியில் ஒரு வால்வு திறந்து, நீர் தன் எடையால் கீழே இறங்கும். தரைமட்டத்துக்குக் கீழே வடிகால் இருந்தால்தான் அது வேலை செய்யும். சிங்க் வடிகாலில் இணைக்க நினைப்பவருக்கு அந்த மாடல் உதவாது.

பிறர் சீர் செய்ததை வாங்கலாமா?

நேரம் இல்லாதவருக்கு இது நல்ல வழிதான். ஆனால் 'சீர் செய்தது' என்ற சொல்லுக்குள் எதுவும் அடங்கும். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டு உள்ளே தொடாமல் விட்டதும் சீர் செய்ததே. பம்ப் சீல், உள்ளே வரும் குழாய், வெளியேறும் குழாய், நீர் வால்வு, கதவு ரப்பர் ஆகிய ஐந்தும் மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்முன் ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். முழுச் சுற்று என்றால் நிரப்புவதிலிருந்து உலர்த்துவது வரை. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. சூடு ஏறிய பிறகுதான் பல கசிவுகள் வெளிப்படும்.

மோட்டாரோடு இருக்கும் கெபாசிட்டரையும் (மின்தேக்கி) பாருங்கள். பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் அந்தக் காலத்துக் கெபாசிட்டர்களில் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1979-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய இயந்திரமானால் கெபாசிட்டரைத் திறக்காமல், உடைக்காமல் கழற்றி, அபாயக் கழிவாக ஒப்படைத்து, புதியது போடுங்கள். தொட்டியைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் நாரிழைப் போர்வையிலும் 1970கள் வரையான சில கருவிகளில், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. பழைய போர்வை உதிர்ந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். பரிசோதித்த பிறகுதான் தொட வேண்டும்.

புதியதோடு ஒப்பிட்டால்

நான் பழையதை நேசிப்பவன். ஆனாலும் இந்தக் கணக்கை மறைப்பது நேர்மையாகாது.

பழைய இயந்திரம் ஒரு சுற்றில் ஐந்து, ஆறு முறை நீரை நிரப்பிக் கொட்டும். ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது லிட்டர் என்று வைத்தால் 50 லிட்டரைத் தொடும். இன்றைய நல்ல இயந்திரம் 12 லிட்டர் அளவில் முடித்துவிடும். அமெரிக்காவில் 2013 முதல் முழு அளவு டிஷ்வாஷருக்கான உச்ச வரம்பே ஒரு சுற்றுக்கு 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர். நீரைவிடப் பெரிய செலவு அதைச் சூடாக்குவது. 50 லிட்டரை 40 டிகிரி உயர்த்த 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். 12 லிட்டருக்கு 0.6 யூனிட்கூட வேண்டாம். தினமும் ஓட்டினால் ஆண்டுக்கு 600 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். நீரில் 13,000 லிட்டருக்கு மேல். சூரிய வெப்பத்தில் நீர் சூடாகும் வீடானால் மின்சாரக் கணக்கு வெகுவாகக் குறையும். நீருக்குத் தட்டுப்பாடு உள்ள வீடானால் பழைய டிஷ்வாஷரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நான்காவது வழிதான் சரி: பலகை மாட்டும்படி செய்யப்பட்ட புதிய இயந்திரத்தை வாங்கி, பழைய பாணிக் கதவைப் பொருத்திக்கொள்ளுங்கள். கதவுப் பலகை எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். பழைய எஃகுக் கதவு அதைத் தாண்டினால் கதவு திறந்த வேகத்தில் கீழே விழும்.

சத்தமும் அப்படியே. பழையது ஓடும்போது பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேச முடியாது. புதியது ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்.

பழையது எதில் வெல்கிறது? நேரத்தில். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே எல்லாம் முடிந்துவிடும். புதியது சிக்கனத்துக்காக இரண்டு, மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உலர்த்துவதிலும் வெல்கிறது: ஹோபார்ட் காலத்துக் கிச்சன்எய்ட் இயந்திரங்களில் விசிறி வைத்துச் சூடான காற்றை ஊதுவார்கள், கண்ணாடிக் கோப்பை சொட்டு நீர் இல்லாமல் வரும். எல்லாவற்றையும்விட, பழுதானால் திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்து எது கெட்டது என்று நாமே கண்டுபிடிக்கலாம். எனக்கு இதுதான் பெரிது. வேறொருவருக்கு மாதக் கட்டணம் பெரிதாக இருக்கலாம். அவர் புதியதை வாங்குவதில் ஒரு தவறும் இல்லை.

சோப்புத் தூள்

பழைய இயந்திரம் நன்றாகக் கழுவவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் குறை சொல்ல வேண்டியது தூளை. அந்த இயந்திரங்கள் பாஸ்பேட் கலந்த தூளை நம்பி வடிவமைக்கப்பட்டவை. பாஸ்பேட் நீரின் கடினத்தன்மையைக் கட்டிப்போட்டு, பிரிந்த அழுக்கு மீண்டும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டது. ஏரி குளங்களில் பாசி பெருகக் காரணம் என்பதால் 2010-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதை வெகுவாகக் கட்டுப்படுத்தினார்கள். அந்த முடிவு சரியானதே. இப்போது வரும் தூள்களில் பாஸ்பேட்டின் வேலையில் ஒரு பகுதியை என்சைம்கள் செய்கின்றன. என்சைமுக்கு நேரம் வேண்டும். பழைய இயந்திரமோ அவசரக்காரர்.

இதற்கு நான் கண்ட வழி: மாத்திரை வடிவில் வருவதைத் தவிர்த்துத் தூளையே பயன்படுத்துவது. பழைய கதவில் தூளுக்கு இரண்டு கிண்ணங்கள் இருக்கும். திறந்திருப்பது முதல் கழுவலுக்கு, மூடியிருப்பது முக்கியக் கழுவலுக்கு. இரண்டிலும் இட வேண்டும். ஒரு மாத்திரை இரண்டு கழுவலுக்கும் பங்கிட்டுக்கொள்ளாது. அடுத்து, கடின நீர் என்றால் வீட்டுக்கே ஒரு நீர் மென்மையாக்கி வைப்பது. ஐரோப்பிய இயந்திரங்கள் பலவற்றில் உப்புப் போட்டு இயங்கும் மென்மையாக்கி உள்ளேயே இருக்கும், அமெரிக்க இயந்திரங்களில் இருப்பதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர் கடின நீர் உள்ள வீட்டில் இருந்தால் இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

பொருத்தும்போது

பழைய அமெரிக்க வகைக்குச் சுடுநீர் இணைப்பு வேண்டும். தானாக நீரைச் சூடாக்கும் வலிமை அதற்குக் குறைவு. 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் நேராக வர வேண்டும். ஓட்டும் முன் பக்கத்துக் குழாயைத் திறந்து, குழாயில் தேங்கிய குளிர்ந்த நீர் போய்ச் சூடு வரும் வரை விடுங்கள். இல்லாவிட்டால் முதல் நிரப்பல் முழுவதும் பச்சைத் தண்ணீராகவே இருக்கும்.

உள்ளே வரும் குழாயில் தனியாக ஒரு அடைப்பு வால்வு, கை எட்டும் இடத்தில். பழைய ரப்பர் குழாய் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு, எஃகு வலை போர்த்திய புதிய குழாயைப் போடுங்கள். வெளியேறும் குழாயை மேடையின் அடிப்பக்கம் வரை உயர்த்தி வளைத்து, பிறகு கீழே இறக்கி வடிகாலில் சேருங்கள். அந்த உயரமான வளைவு இல்லாவிட்டால் சிங்க்கின் அழுக்கு நீர் இயந்திரத்துக்குள் திரும்பி வரும், அல்லது நிரம்பும் நீர் தானாகவே வடிந்துகொண்டிருக்கும்.

மின் இணைப்பை நீங்களே செய்ய வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இயந்திரத்தின் உடலோடு இறுகப் பிணைத்த எர்த், இதற்கென்று தனி சர்க்யூட், அதில் மின்கசிவைக் கண்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. முதல் முறை ஓட்டும்போது அது அடிக்கடி துண்டித்தால் பெரும்பாலும் குற்றவாளி ஹீட்டர்தான். ஹீட்டர் குழலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் ஈரம் உள்ளே இறங்கி மின்சாரம் உடலுக்குக் கசியும். மின்காப்பை அளக்கும் மெக்கர் என்ற கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கழற்றி உலர்த்தியும் அளவு ஏறவில்லை என்றால் புதிய ஹீட்டர் போட வேண்டும். 'எர்த்தைக் கழற்றிவிட்டால் துண்டிக்காது' என்று யாராவது சொன்னால் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுங்கள். நீரும் வெறுங்காலும் சேரும் இடம் அது.

ஓடும்போது கதவைச் சற்றே திறந்து பாருங்கள்: பம்ப் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தாழ்ப்பாள் சுவிட்சை மாற்றும்வரை ஓட்டக் கூடாது. பழைய ஹீட்டர் தொட்டியின் அடியில் வெறும் கம்பியாகவே இருக்கும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரங்களைக் கீழ் ரேக்கில் வைக்காதீர்கள். நழுவி விழும் ஒரு சிறு மூடி போதும், உருகி ஒட்டிக்கொள்ளும்.

முதல் ஒரு மாதம் ஒவ்வொரு முறையும் கீழ்த்தகட்டைக் கழற்றி வைத்தே ஓட்டுங்கள். அடியில் விரித்த காகிதத்தை ஓட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். மாதம் முழுவதும் காகிதம் காய்ந்தே இருந்தால், குழாய் இணைப்புகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, தகட்டை மாட்டி, சக்கரங்களைக் கழற்றி உள்ளே தள்ளலாம். தள்ளும்போது குழாய்களைக் கொஞ்சம் நீளமாகவே விட்டுவையுங்கள். ஒருநாள் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.